தொழிற்சாலை நம் ஊரில், லாபம் யார் கணக்கில்?

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையைக் கடந்து ஸ்ரீபெரும்புதூர் சென்று, அங்கிருந்து சிங்கப்பெருமாள் கோவில் சாலையில் ஒரகடம் வரை போனால், உலக வணிகத்தின் பெரிய பெயர்கள் பலவற்றை ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம். ஹூண்டாய், செயின்ட் கோபைன், சாம்சங், ஃபாக்ஸ்கான், டெய்ம்லர், ரெனோ–நிஸ்ஸான், அப்போலோ டயர்ஸ், ராயல் என்ஃபீல்ட் என்று பலகைகள் நீள்கின்றன. ராமாநுஜர் பிறந்த ஊர் என்றும், 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடம் என்றும் அறியப்பட்டிருந்த ஸ்ரீபெரும்புதூர், முப்பது ஆண்டுகளுக்குள் காருக்கும் கைபேசிக்கும் பெயர் பெற்ற ஊராகிவிட்டது. இந்த வளர்ச்சியைக் கண்ணெதிரே பார்த்தவர்கள் மனதில் எழும் கேள்விகள் மூன்று. இவற்றில் எந்தக் கம்பெனியின் பங்கை வாங்குவது? எவ்வளவு காலம் வைத்திருப்பது? எப்போது விற்பது? இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய வேறொரு கேள்வி இருக்கிறது. இந்தத் தொழிற்சாலை ஈட்டும் லாபம் எந்தக் கம்பெனியின் கணக்கில் சேர்கிறது, அந்தக் கணக்கில் சிறு பங்குதாரருக்கு எவ்வளவு இடம் இருக்கிறது? இந்தக் கேள்வியைத் தவிர்த்தவர்கள் மற்ற மூன்றிலும் தடுமாறியதையே இந்த வட்டாரத்தின் வரலாறு காட்டுகிறது.

சென்னைக்குப் பங்குச் சந்தை புதிதல்ல. மதராஸ் பங்குச் சந்தை முதன்முதலில் 1920இல் தொடங்கியது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய செழிப்பில் நூறு உறுப்பினர்களோடு பிறந்த அது, செழிப்பு வற்றியதும் 1923க்குள் மூன்று பேராகச் சுருங்கி மூடப்பட்டது. தென்னகத்தில் நூற்பாலைகளும் தோட்டக் கம்பெனிகளும் பெருகிய பிறகு 1937இல் மீண்டும் எழுந்தது. விடுதலைக்குப் பின் அதற்குத் தீனி போட்டதில் அரசின் சட்டங்களுக்கும் பெரிய பங்கு உண்டு. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், பெரும்பாலான வெளிநாட்டுக் கம்பெனிகள் இந்தியாவில் தங்கள் உரிமையை 40 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டும் என்றது. ஐபிஎம்மும் கோகோ கோலாவும் நாட்டைவிட்டு வெளியேறின. இருக்க விரும்பியவை தங்கள் பங்குகளை இந்தியப் பொதுமக்களுக்கு விற்றன. அந்த விலையை நிர்ணயித்தவர் மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டு அதிகாரி. அவர் விதித்த விலை பெரும்பாலும் உண்மையான மதிப்புக்குக் கீழே இருந்ததால், விண்ணப்பம் போட்டு ஒதுக்கீடு கிடைத்த நடுத்தரக் குடும்பங்கள் பல தலைமுறைக்கான செல்வத்தைப் பெற்றன. "நல்ல வெளிநாட்டுக் கம்பெனிப் பங்கை வாங்கிப் பெட்டியில் வை" என்ற அறிவுரை பிறந்தது அந்தக் காலத்தில்தான். அறிவுரை வென்றதற்குப் பின்னால் ஒரு சட்டமும் ஒரு மலிவு விலையும் இருந்தன என்பது காலப்போக்கில் மறந்துபோயிற்று.

ஸ்ரீபெரும்புதூர் எழுந்தது அந்தச் சட்டத்தின் பிடி தளர்ந்த பிறகு. 1991 ஜூலையில் வந்த தொழிற்கொள்கை 34 முன்னுரிமைத் துறைகளில் வெளிநாட்டு உரிமையை 51 சதவீதம் வரை எளிதாக அனுமதித்தது. அதற்கு மேலும் தனி அனுமதி கிடைத்தது. 1996 மே மாதம் ஹூண்டாய் தன் இந்தியக் கம்பெனியைக் கொரியத் தாய் நிறுவனத்தின் முழு உடைமையாகவே பதிவு செய்தது. 1998 செப்டம்பரில் அதன் சான்ட்ரோ கார் வெளிவந்தது. பின்னால் வந்தவர்கள் பலரும் அதே வழியில் வந்தார்கள். அவர்களுக்கு நிலம் மாநில அரசின் சிப்காட் நிறுவனத்திடமிருந்தும், துறைமுகமும் தொழிலாளரும் சென்னையிலிருந்தும் தேவைப்பட்டன. உள்ளூர்ச் சேமிப்பு தேவைப்படவில்லை. ஆகவே சாம்சங்கின் பங்கு சியோலிலும், ஃபாக்ஸ்கானின் தாய் நிறுவனப் பங்கு தைபேயிலும், நோக்கியாவின் பங்கு ஹெல்சிங்கியிலும், ரெனோவின் பங்கு பாரிசிலும் விற்கப்பட்டன. இதே ஆண்டுகளில்தான் மதராஸ் பங்குச் சந்தையும் தேய்ந்தது. 1994இல் வந்த தேசியப் பங்குச் சந்தையின் கணினித் திரையும், 1996க்குப் பின் காகிதப் பத்திரத்துக்கு மாற்றாக வந்த டீமேட் கணக்கும் வட்டாரச் சந்தைகளின் தேவையைப் போக்கின. 2015இல் அது சந்தை என்ற தகுதியிலிருந்து விலகிக்கொண்டது. ஒரு மாவட்டம் உலகத் தொழில் வரைபடத்தில் ஏறிக்கொண்டிருந்த காலத்தில், அந்தத் தொழிலின் உரிமை அதன் மக்கள் எளிதில் வாங்க முடியாத இடங்களில் இருந்தது.

பங்கைத் தேர்ந்தெடுப்பது பற்றி இது சொல்லும் பாடத்துக்கு நோக்கியாவே வலுவான சான்று. ஸ்ரீபெரும்புதூரில் 2006 தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கிய அதன் கைபேசி ஆலை, உச்சத்தில் சுமார் எட்டாயிரம் பேருக்கு நேரடி வேலை தந்தது. கம்பெனி பஸ்களில் வந்து இறங்கிய இளம்பெண்களே அந்த ஊரின் புதிய முகமானார்கள். வாசலில் நின்று பார்த்தவருக்கு அது அசைக்க முடியாத நிறுவனமாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் ஸ்மார்ட்போன் போட்டியில் தாய் நிறுவனம் தோற்றுக்கொண்டிருந்தது. 2000இல் 60 யூரோவைத் தாண்டியிருந்த அதன் பங்கு 2012 கோடையில் 2 யூரோவுக்கும் கீழே போயிற்று. அப்போதும் ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்டுகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. வரித் தகராறில் சிக்கிய ஆலையைத் தவிர்த்துவிட்டே 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் கைபேசித் தொழிலை வாங்கியது. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் தேதி ஆலையில் உற்பத்தி நின்றது. ஆலையின் பரபரப்பு இன்றைய உற்பத்தியைக் காட்டும். பங்கின் விலையோ நாளைய லாபத்தைப் பற்றிய கணிப்பு. இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஆண்டுக்கணக்கில் நகர முடியும்.

மும்பையில் பட்டியலிடப்பட்ட கம்பெனியாக இருந்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். அப்போலோ டயர்ஸ் 2010இல் ஒரகடத்தில் ஆலை திறந்தது. அதைப் பார்த்து அந்தப் பங்கை வாங்கியவர், 2013 ஜூனில் ஒரே நாளில் அது ஏறத்தாழ கால்பங்கு விலை இழந்ததைக் கண்டிருப்பார். காரணம் ஒரகடத்தில் இல்லை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த கூப்பர் டயர் நிறுவனத்தைச் சுமார் 250 கோடி டாலருக்கு, பெருங்கடன் வாங்கிக் கையகப்படுத்தப் போவதாகக் கம்பெனி அறிவித்திருந்தது. ஆண்டு இறுதியில் அந்த ஒப்பந்தம் முறிந்தது. நம் கண்ணில் படும் ஆலை கம்பெனியின் ஓர் உறுப்பு மட்டுமே. கடன், கையகப்படுத்தல், மூலதனத்தை எங்கே போடுவது என்ற முடிவு ஆகியவை வாசலில் தெரியாது. அவை ஆண்டறிக்கையில் தெரியும்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அன்றாட வாழ்வில் கண்டறியும் வெற்றிதான் சிறு முதலீட்டாளரின் பலம் என்று அமெரிக்க நிதி மேலாளர் பீட்டர் லிஞ்ச் முதல் பலர் வாதிட்டிருக்கிறார்கள். அதற்குச் சான்றாக ராயல் என்ஃபீல்டையே காட்டலாம். திருவொற்றியூரில் 1955 முதல் புல்லட் தயாரித்த அந்த நிறுவனம் 2000 வாக்கில் மூடும் நிலைக்கு வந்தது. அதன் உரிமையாளரான ஐஷர் குழுமத்தின் சித்தார்த்த லால் அதை மீட்கும் பொறுப்பை ஏற்றார். அடுத்த சில ஆண்டுகளில் குழுமம் தன் பதினைந்து தொழில்களில் பெரும்பாலானவற்றை விட்டு விலகியது. டிராக்டர் பிரிவு 2005இல் டாஃபே நிறுவனத்துக்குப் போயிற்று. 2010இல் ஐம்பதாயிரத்தை ஒட்டியிருந்த மோட்டார் சைக்கிள் விற்பனை 2014இல் மூன்று லட்சத்தைத் தாண்டியது. 2013இல் ஒரகடத்திலும், 2017இல் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் எழுந்தன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இரட்டை இலக்க ரூபாயில் இருந்த ஐஷர் பங்கு 2017இல் 30,000 ரூபாயைத் தாண்டியது. சாலையில் புல்லட்டுகள் பெருகுவதைக் கவனித்தவர் உண்மையிலேயே ஒரு பெரிய மாற்றத்தைக் கவனித்தார். ஆனால் அந்தக் கவனிப்பு பணமாக மாறியதற்குக் காரணங்கள் உண்டு. மோட்டார் சைக்கிளின் லாபம் வந்து சேர்ந்த கம்பெனி மும்பைச் சந்தையில் இருந்தது. நிர்வாகம் தன் மூலதனத்தைச் சிதறடிக்காமல் ஒன்றிரண்டு தொழில்களில் குவித்தது. சிறு பங்குதாரரும் தன் விகிதத்துக்கு அந்த லாபத்தில் பங்கு பெற்றார். லிஞ்ச்சும் கண்ணால் காண்பதை ஆராய்ச்சியின் தொடக்கம் என்றுதான் கொண்டார். தொடக்கத்தையே முடிவாக எடுத்துக்கொள்வதுதான் தவறு.

ஹூண்டாய் தன் பங்கை இந்திய மக்களுக்கு விற்ற நிகழ்வு இந்த வாதத்துக்கு நல்ல உரைகல். 2024 அக்டோபரில் 1,960 ரூபாய் விலையில் வந்த அந்த வெளியீட்டின் அளவு 27,870 கோடி ரூபாய். அதுவரை இந்தியா கண்ட மிகப் பெரிய வெளியீடு அது. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட இருங்காட்டுக்கோட்டை ஆலைக்கு வரவில்லை. கொரியத் தாய் நிறுவனம் தன் கையிருப்பில் 17.5 சதவீதத்தை விற்றது. பணம் முழுவதும் அதற்கே போனது. அவ்வாண்டு தொடக்கத்தில் 10,000 கோடி ரூபாய்க்கும் மேல் ஈவுத்தொகையாகத் தாய் நிறுவனத்துக்குச் சென்றிருந்தது. அதற்குச் செலுத்த வேண்டிய ராயல்டியும் விற்பனையில் 3.5 சதவீதமாக உயர்ந்திருந்தது. இவை எல்லாம் சட்டப்படியானவை, வெளியீட்டு ஆவணத்திலேயே எழுதப்பட்டவை. அவற்றைப் படித்ததாலோ, விலையை எண்ணியோ, சிறு முதலீட்டாளருக்கு ஒதுக்கிய பகுதியில் பாதியளவுக்கே விண்ணப்பம் வந்தது. முதல் நாளிலேயே பங்கு வெளியீட்டு விலைக்குக் கீழே முடிந்தது. ஆனால் அடுத்த ஆண்டு அதே பங்கு வெளியீட்டு விலையைத் தாண்டி ஏறியது. அப்படியானால் ஒதுங்கியவர்கள் ஏமாந்தார்களா? இல்லை. 1970களில் விலையை அரசு குறைத்து வைத்தது. 2024இல் விற்பவரே விலையைத் தீர்மானித்தார். தொழிலை நன்கறிந்த ஒருவர் தானே விலை வைத்து விற்கும்போது, ஏன் இப்போது, ஏன் இந்த விலைக்கு என்று கேட்பது கடமை. பின்னால் விலை ஏறியது அந்தக் கேள்வியின் அவசியத்தைக் குறைக்காது.

அடுத்தது வைத்திருப்பது. நல்ல பங்கை விற்கவே கூடாது என்ற நம்பிக்கைக்கு ஐஷரை உதாரணம் காட்டுவோர் பின்னிக் கம்பெனியையும் நினைக்க வேண்டும். பெரம்பூரின் பக்கிங்ஹாம்–கர்நாடிக் ஆலைகளை நடத்திய பின்னி, ஒரு காலத்தில் சென்னைச் சேமிப்பாளர்களின் மதிப்புக்குரிய பெயர். அந்த ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. நூற்றாண்டுப் புகழ் அவற்றின் நெசவுத் தொழிலைக் காக்கவில்லை. ஐஷரையே எடுத்துக்கொண்டாலும், 2017இன் உச்சத்தில் வாங்கியவர் 2020 மார்ச்சில் பாதிக்கும் குறைவான மதிப்பையே கண்டார். 2019–20இல் ராயல் என்ஃபீல்டின் விற்பனை ஏழு லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. 2024–25இல்தான் அது பத்து லட்சத்தைத் தாண்டியது. கம்பெனி கெட்டுப்போகவில்லை. எதிர்பார்ப்பு லாபத்தை முந்திவிட்டது, அவ்வளவுதான். ஆகவே எத்தனை ஆண்டு என்பது வைத்திருத்தலின் அளவுகோல் அல்ல. வாங்கியதற்கான காரணம் இன்னும் நிற்கிறதா என்பதே அளவுகோல். அந்தக் காரணத்தை வாங்கும் நாளிலேயே எழுதி வைக்காதவருக்கு, பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது.

விற்பதில்தான் அதிகப் பிழை நேர்கிறது, ஏனென்றால் அங்கே அச்சம் முடிவெடுக்கிறது. 2015 டிசம்பர் பெருமழையில் இந்த வட்டாரத்தின் கார், மோட்டார் சைக்கிள் ஆலைகள் சில நாட்கள் நின்றன. 2018 செப்டம்பரில் ஒரகடத்து ராயல் என்ஃபீல்ட் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வெள்ளத்தைப் பார்த்து ஐஷர் பங்கை விற்றவர் 2017 வரையிலான ஏற்றத்தை இழந்தார். ஏனென்றால் நின்றுபோன சில நாள் உற்பத்தியைப் பிறகு ஈடுசெய்ய முடிந்தது, வாங்குவோரின் விருப்பம் மாறவில்லை. 2018இல் பங்கை அழுத்தியதும் வேலைநிறுத்தம் மட்டுமல்ல. நாடு முழுவதும் வாகனங்களுக்கான தேவையே தளர்ந்துகொண்டிருந்தது. வாசலில் நடப்பது தற்காலிகத் தடையா, தொழிலின் அடிப்படையே மாறுகிறதா என்று பிரித்தறிவதே விற்பவரின் வேலை. நோக்கியாவுக்கு நேர்ந்தது அடிப்படை மாற்றம். மழை அப்படியல்ல. தொழிலாளர் போராட்டத்தை வெறும் விலைச் செய்தியாகப் படிப்பதும் குறைபட்ட படிப்பு. கூலியும் மரியாதையும் பற்றிய குறைகள் தீராமல் திரும்பத் திரும்ப வெடிக்கும் ஆலையில், நிர்வாகத்தின் தரத்தைப் பற்றிய தகவல் இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்துகொள்ள வேலைக்குப் போகும் ஒருவருக்கு நேரமேது, குறியீட்டு நிதியில் மாதாமாதம் போட்டுவிடுவது போதாதா என்பது கடைசி மறுப்பு. பெரும்பாலோருக்கு அது போதும் என்பதே நேர்மையான பதில். குறியீட்டு நிதி தேர்வின் தவறையும் விற்பனையின் அச்சத்தையும் குறைக்கிறது. அதற்கும் ஒரு விலை உண்டு. ஐஷர் நிஃப்டி 50 குறியீட்டில் சேர்ந்தது 2016இல். அதற்குள் ஏற்றத்தின் பெரும்பகுதி முடிந்திருந்தது. அந்த விலையைத் தெரிந்தே கொடுப்பது மானக்கேடு அல்ல. மானக்கேடு எதுவென்றால், கணக்கைப் படிக்காமல் பெயர்ப்பலகையைப் பார்த்துத் தனிப் பங்கை வாங்கிவிட்டு, அதை உள்ளூர் அறிவு என்று நம்பிக்கொள்வது.

ஸ்ரீபெரும்புதூர் மக்கள் தங்கள் நிலத்தையும் உழைப்பையும் இந்தத் தொழில்களுக்குத் தந்திருக்கிறார்கள். அவர்களின் சேமிப்புக்கும் அந்த லாபத்தில் இடம் வேண்டும் என்பது நியாயமான ஆசை. அதற்கு ஊர்ப் பெருமிதம் போதாது. லாபம் எந்த நாட்டுக் கம்பெனியின் கணக்கில் விழுகிறது, அதில் எவ்வளவு ராயல்டியாகவும் ஈவுத்தொகையாகவும் வெளியேறுகிறது, மிச்சத்தை நிர்வாகம் என்ன செய்கிறது, இன்றைய விலை இவற்றுக்கு எவ்வளவு அதிகம் கேட்கிறது? இந்த நான்குக்கும் ஆண்டறிக்கையிலும் வெளியீட்டு ஆவணத்திலும் விடை தேடலாம், கட்டணமில்லாமல். அவற்றைப் படிக்கத் தொடங்கியவருக்கு எதை வாங்குவது, எவ்வளவு காலம் வைத்திருப்பது, எப்போது விற்பது என்ற மூன்றும் ஜோதிடக் கேள்விகளாக இருப்பதில்லை. காரணம் காட்டி முடிவெடுக்கக்கூடிய கேள்விகளாகிவிடுகின்றன.