பூட்டுக்குள்ள பாட்டு: டிவிடியைத் திறந்த கதை

மக்களே, "டிவிடில இருக்குற பாட்டை மட்டும் தனியா உருவி எம்பி3 ஆக்குறது எப்படி?"ன்னு கேட்டா, இன்னைக்கு விஷயம் தெரிஞ்சவங்க ரெண்டே வரியில பதில் சொல்லிடுவாங்க. தகட்டைப் போடு, மென்பொருளைத் திற, பட்டனைத் தட்டு, முடிஞ்சது. ஆனா அந்த ரெண்டு வரிக்குப் பின்னாடி ஒரு பதினஞ்சு வயசுப் பையனும், ரெண்டு நாட்டு நீதிமன்றங்களும், நாலு வருஷ இழுபறியும் இருக்கு. அந்த வரலாறுதான் இந்தப் பதிவு.

முதல்ல தகட்டுக்குள்ள என்ன இருக்குன்னு பார்த்துடுவோம். 1982ல வந்த ஆடியோ சிடில நகல் எடுக்காம தடுக்குற பூட்டே கிடையாது. அன்னைக்கு வீட்டுக் கணினில சிடி டிரைவும் இல்ல, ஒரு சிடியைக் கொட்டி வைக்க இடமும் இல்ல. அதனால யாரும் கவலைப்படல. டிவிடி 1996 நவம்பர்ல ஜப்பான்லயும், 1997 மார்ச்ல அமெரிக்காவுலயும் விற்பனைக்கு வந்தப்போ நிலைமையே வேற. சிடி பாட்டெல்லாம் கணினிக்குள்ள போக ஆரம்பிச்சிருந்துது. பட முதலாளிங்க உஷாராயிட்டாங்க.

டிவிடில படம், ஒலி, சப்டைட்டில் மூணையும் கதம்பம் மாதிரி ஒண்ணாத் தொடுத்து, ஒரு ஜிபிக்கு மிகாத கோப்புகளா வெட்டி வெச்சிருப்பாங்க. ஒலி பெரும்பாலும் டால்பியோட ஏசி-3, இல்லைன்னா அமுக்காத பிசிஎம். சிடில நொடிக்கு 44,100 மாதிரிகள்னா டிவிடி படத்துல வழக்கமா 48,000. ஆக, பாட்டு எடுக்குறதுன்னா கதம்பத்துல இருந்து மல்லியை மட்டும் உருவுற வேலை. அப்புறம் ஆறு சானல் ஒலியா இருந்தா ரெண்டாக் குறைச்சு, எம்பி3யா மாத்தணும். அவ்வளவுதான்.

ஆனா கதம்பத்தையே பெட்டில வெச்சுப் பூட்டியிருந்தாங்க. அந்தப் பூட்டுக்குப் பேரு சிஎஸ்எஸ். சாவி நீளம் 40 பிட். லைசன்ஸ் வாங்குன பிளேயர் கம்பெனிகளுக்கு மட்டும் சாவி குடுப்பாங்க. படத்தையும் ஒலியையும் சேர்த்தே குழப்பி வெச்சிருந்ததால, பாட்டு மட்டும் போதும்னாலும் அதே பூட்டைத்தான் திறந்தாகணும். இதுல பாவப்பட்டவங்க லினக்ஸ்காரங்க. காசு குடுத்து தகடு வாங்கியாச்சு, டிரைவும் வாங்கியாச்சு. ஆனா 1999ல லினக்ஸுக்கு லைசன்ஸ் வாங்குன பிளேயரே இல்ல. தன் காசுல வாங்குனதைத் தானே பார்க்க முடியாத கொடுமை!

1999 அக்டோபர்ல நார்வேயைச் சேர்ந்த யோன் லெக் யோஹான்சன், முகம் தெரியாத இன்னும் ரெண்டு பேரோட சேர்ந்து டி-சிஎஸ்எஸ்னு ஒரு சின்ன நிரலை வெளியிட்டாரு. ஸிங்ங்கற கம்பெனியோட டிவிடி பிளேயர் மென்பொருள்ல சாவியைச் சரியா மறைக்காம விட்டிருந்தாங்க. அது போதுமானதா இருந்துது. சில வாரத்துலயே ஃபிராங்க் ஸ்டீவன்சன்ங்கறவர், சாவி எதுவுமே கையில இல்லாம சாதாரண கணினியை வெச்சே இந்தப் பூட்டைத் திறக்கலாம்னு கணக்குப் போட்டுக் காட்டிட்டாரு. அதோட பூட்டோட கதை முடிஞ்சுது.

இதுல இன்னொரு கூத்து. இசைக்குன்னே உருவான டிவிடி-ஆடியோ பிளேயர்கள் 1999 டிசம்பர்ல வர வேண்டியது. இந்தக் கலவரத்தால தள்ளிப் போச்சு. புதுப் பூட்டோட 2000ல வந்தும் அந்த வடிவம் மக்கள்கிட்ட எடுபடவே இல்ல.

அப்புறம் ஆரம்பிச்சுது கோர்ட்டு. அமெரிக்காவுல 1998லயே பூட்டைத் திறக்குற கருவியைப் பரப்புறதே குற்றம்னு சட்டம் போட்டிருந்தாங்க. எட்டு ஸ்டூடியோக்கள் 2600ங்கற ஹேக்கர் பத்திரிகை மேல வழக்குப் போட்டு, 2000 ஆகஸ்ட்ல ஜெயிச்சாங்க. நிரலை வெளியிடக் கூடாது, அது இருக்குற இடத்துக்குச் சுட்டி கூடக் குடுக்கக் கூடாதுன்னு தடை. மேல்முறையீட்டுலயும் 2001 நவம்பர்ல அதே தீர்ப்பு. நம்மாளுங்க சும்மா இருப்பாங்களா? நிரலை டி-சர்ட்டுல அச்சடிச்சுப் போட்டுக்கிட்டாங்க. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல டேவிட் டூரெட்ஸ்கி இதுக்குன்னே ஒரு கண்காட்சிப் பக்கம் வெச்சாரு. ஃபில் கார்மடி 2001ல அந்த நிரலையே ஒரு பெரிய பகா எண்ணா மாத்திக் காட்டினாரு. எண்ணுக்குத் தடை போட முடியுமாங்கறதுதான் கேள்வி :-)

நார்வேல 2000 ஜனவரில பையன் வீட்டுல சோதனை. 2002 ஜனவரில குற்றச்சாட்டு. 2003 ஜனவரி 7 அன்னைக்கு ஆஸ்லோ நீதிமன்றம் விடுதலை பண்ணுச்சு. அரசு தரப்பு விடல, மேல போனாங்க. 2003 டிசம்பர் 22ல அங்கயும் விடுதலை. தீர்ப்போட சாரம் இதுதான்: சட்டப்படி வாங்குன தகட்டுல இருக்குறதைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு, அதனால அது அத்துமீறல் ஆகாது. நம்ம பாஷையில சொன்னா, தன் வீட்டுப் பூட்டை உடைக்கிறவன் திருடன் இல்ல.

எதிர்தரப்பு வாதத்தையும் ஒதுக்கிட முடியாது. இதே நிரலை வெச்சுத் திருட்டு வியாபாரம் பண்ணவங்களும் உண்டு. பாட்டுப் போட்டவருக்கும் வயிறு இருக்குல்ல? அதுக்குத்தான் நோக்கத்தைப் பார்க்கணும். நம்ம நாட்டுல 2012ல காப்புரிமைச் சட்டத்துல சேர்த்த 65ஏ பிரிவு அதைத்தான் பார்க்குது. உரிமையை மீறுற நோக்கத்தோட பூட்டை உடைச்சாத்தான் தண்டனை, ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில். அமெரிக்கச் சட்டத்தைவிட இது எவ்வளவோ தேவலை.

பாரிஸ் மாணவர்கள் ஆரம்பிச்ச விஎல்சி பிளேயர் இன்னைக்கு லினக்ஸ்லயும் டிவிடியைத் திறக்குது. ஏசி-3யோட முக்கியக் காப்புரிமங்களும் 2017ல காலாவதி ஆயிடுச்சு. இப்போ பிரச்சினை வேற: புது மடிக்கணினிகள்ல டிவிடி டிரைவைப் பார்க்குறதே அபூர்வம். தகடும் வருஷக்கணக்கா அப்படியே இருக்காது, கீறலும் விழும். உங்க அலமாரியில எந்த இணையச் சேவையிலும் கிடைக்காத ஒரு கச்சேரி தூங்கிட்டு இருந்தா, டிரைவ் வேலை செய்யும்போதே எடுத்து வெச்சுக்குங்க. ஊருக்கெல்லாம் ஏத்தி விடாதீங்க, விக்காதீங்க. நீங்க கேட்க மட்டும்.

அப்படி உங்ககிட்ட என்ன தகடு இருக்குன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.