கடிகாரத்தடியில் நிற்கிறேன்

ஈரோட்டில் யாரையாவது சந்திக்க வேண்டுமானால் "மணிக்கூண்டுகிட்ட வந்துடு" என்பார்கள். திண்டுக்கல்லிலும் அதே பேச்சுதான். நாகர்கோவில்காரர்களுக்கு மணிமேடை, யாழ்ப்பாணத்தவர்களுக்கு மணிக்கூட்டுக் கோபுரம். அங்கே போய் நிற்கிறவர்களில் அண்ணாந்து மணி பார்ப்பவர் எத்தனை பேர்? முள் ஓடுகிறதா, நின்று வருஷக்கணக்காகிறதா என்றுகூட யாரும் கவனிப்பதில்லை. நேரம் சொல்வதற்கென்று எழுப்பிய ஒன்று, நாளாவட்டத்தில் இடம் சொல்லும் வேலைக்கு மாறிவிடுகிறது.

நியூயார்க்கில் இப்படி வேலை மாறிய கடிகாரம் ஒன்று உண்டு. தெருமுனையில் அல்ல, ஒரு ஹோட்டலுக்குள். உயரம் ஏறக்குறைய 9 அடி. எடை 2 டன். இன்று அது நிற்பது வால்டார்ஃப் அஸ்டோரியாவில். ஆனால் அந்தக் கட்டடத்தைவிட அதற்கு வயது அதிகம். அதற்கு முந்தைய வீடு இடிந்து கடலுக்குள் போய்விட்டது. அதற்கும் முந்தைய ஊரில் பெரும்பகுதி நெருப்புக்கு இரையானது.

பிறந்தது லண்டனில், கோல்ட்ஸ்மித் கம்பெனியின் பட்டறையில். 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்காகச் செய்தார்கள். விக்டோரியா மகாராணியே சொல்லிச் செய்வித்தார் என்று ஹோட்டல்காரர்கள் வெகுகாலமாகச் சொல்லிவருகிறார்கள். ஹோட்டல்காரர்கள் சொல்லும் கதைகளில் ராஜாராணி வராத கதை குறைவு என்பதால், அதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளலாம். மகாராணியின் முகம் கடிகாரத்தில் இருப்பது மட்டும் உண்மை.

அந்த முகங்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கடிகாரத்தின் அடிப்பகுதி எட்டுப் பட்டை. பட்டைக்கு ஒரு முகம்: விக்டோரியா, பெஞ்சமின் ஃபிராங்க்ளின், ஜார்ஜ் வாஷிங்டன், ஆண்ட்ரூ ஜாக்சன், ஆபிரகாம் லிங்கன், யுலிஸஸ் கிராண்ட், பெஞ்சமின் ஹாரிசன், குரோவர் கிளீவ்லாந்து. இங்கிலாந்தை எதிர்த்துப் படை நடத்தி நாட்டைப் பிரித்துக்கொண்டவர் வாஷிங்டன். 1815-இல் நியூ ஆர்லியன்ஸில் ஆங்கிலப் படையைச் சிதறடித்தவர் ஜாக்சன். இருவரையும் லண்டன் பட்டறைக்காரர்கள் தங்கள் மகாராணியோடு ஒரே வட்டத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். வாங்குகிற ஊர் அமெரிக்கா என்றால் வியாபாரிக்கு வேறு வழி ஏது?

அதைவிட ருசியானவை கடைசி இரண்டு முகங்கள். கிளீவ்லாந்தும் ஹாரிசனும் அன்றைய நடப்பு அரசியல்வாதிகள். 1888 தேர்தலில் ஹாரிசன் கிளீவ்லாந்தைத் தோற்கடித்தார். 1892-இல் கிளீவ்லாந்து ஹாரிசனைத் தோற்கடித்தார். கண்காட்சிக்கான சட்டத்தில் கையெழுத்திட்டவர் ஒருவர், 1893 மே 1 அன்று அதைத் திறந்துவைத்தவர் மற்றவர். இருவரையும் சேர்த்துப் போட்டுவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. நம்மூர்க் கல்யாணப் பத்திரிகையில் இரண்டு கட்சி வட்டச் செயலாளர்களையும் "முன்னிலை" என்று அச்சடிக்கிற சாமர்த்தியம்தான் இது. என்ன, இங்கே அதை வெண்கலத்தில் செய்திருக்கிறார்கள்.

சிகாகோ கண்காட்சியை வெள்ளை நகரம் என்று அழைத்தார்கள். கிரேக்கக் கோயில்போலத் தூண் தூணாக நின்ற அந்த மாளிகைகள் உண்மையில் கல் அல்ல. சட்டத்தின் மேல் சுண்ணச் சாந்தும் நாரும் கலந்து பூசியவை. இரவில் அவற்றை ஒளிரவைத்தது வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி, நிகோலா டெஸ்லாவின் மாறுதிசை மின்சார முறையைக்கொண்டு. 264 அடி உயர ராட்டினம் ஒன்றும் சுழன்றது. 6 மாதத்தில் 2 கோடியே 70 லட்சத்துக்கு மேற்பட்ட நுழைவுகள் பதிவாயின.

அந்தக் கூட்டத்தில் ஒரு காவி உடையும் உண்டு. அளசிங்கப் பெருமாளும் சென்னை இளைஞர்களும் தெருத்தெருவாய்த் திரட்டிய பணத்தில் கப்பலேறிய விவேகானந்தர், 1893 ஜூலைக் கடைசியில் சிகாகோ வந்து கண்காட்சியைச் சுற்றிப் பார்த்தார். அதன் பிரமாண்டத்தைப் பற்றி அளசிங்கருக்குக் கடிதமும் எழுதினார். செப்டம்பரில் அவர் பேசிய சர்வமத மாநாடு இதே கண்காட்சியின் கிளை. நடந்த இடம் மட்டும் மைதானத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி, நகரத்துக்குள். அக்டோபர் இறுதியில் கண்காட்சி மூடியது. அடுத்த ஆண்டு ஜூலையில் பற்றிய தீயில் அந்தச் சுண்ண மாளிகைகளில் பல கருகிப்போயின. கடிகாரம் நியூயார்க்குக்கு விலைபோயிற்று.

வாங்கியவர்கள் ஐந்தாவது அவென்யூவும் 33-ஆம் தெருவும் சந்திக்கும் முனையில் 1893 மார்ச்சில்தான் திறந்திருந்த வால்டார்ஃப் ஹோட்டலின் உரிமையாளர்கள். 1894 ஏப்ரலில் விவேகானந்தரும் அதே ஹோட்டலுக்கு வந்தார். சீமாட்டி ஒருவர் நடத்திவந்த உரையாடல் வட்டத்தில் இந்தியாவையும் இந்து மதத்தையும் பற்றிப் பேசினார். சிகாகோவிலிருந்து புறப்பட்ட இரண்டு பேர் ஒரே விலாசத்துக்கு வந்து சேர்ந்த கணக்கு.

அந்த ஹோட்டல் எழும்பியதே பங்காளிச் சண்டையில். ஆஸ்டர் குடும்பம் அமெரிக்காவின் பெரும் பணக்காரக் குடும்பங்களில் ஒன்று. வில்லியம் வால்டார்ஃப் ஆஸ்டரின் தகப்பன் வீடும் அவர் சித்தி கரோலின் ஆஸ்டரின் வீடும் பக்கத்துப் பக்கத்தில். குடும்பத்தின் 'மிஸஸ் ஆஸ்டர்' யார் என்ற போட்டியில் சித்தி விட்டுக்கொடுக்கவில்லை. வில்லியம் தன் வீட்டை இடித்து 13 மாடி ஹோட்டல் ஒன்றைச் சித்தியின் தோட்டத்துக்கு நிழல் விழும்படி எழுப்ப ஏற்பாடு செய்துவிட்டு, இங்கிலாந்துக்குக் குடிபோனார். சித்தி வேறு வழியின்றி ஊரின் வடபக்கம் நகர்ந்தார். அவர் மகன் நான்காம் ஜான் ஜேக்கப் ஆஸ்டர் பதிலுக்குத் தன் மனையில் குதிரை லாயம் கட்ட நினைத்தார் என்பார்கள். கோபத்தைவிட வருமானம் பெரிது என்று யாரோ புத்தி சொல்லியிருக்க வேண்டும். 1897-இல் அங்கே அஸ்டோரியா என்ற இன்னொரு ஹோட்டல் எழுந்தது. இரண்டையும் ஒரு நீண்ட நடை இணைத்தது. உறவு மறுபடி முறிந்தால் சுவர் வைத்து அடைத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு.

அடைக்க அவசியம் வரவில்லை. அந்த நடைதான் ஹோட்டலின் உயிராகிப்போனது. பட்டுப்பாவாடை தரையைப் பெருக்க, பெண்கள் அதில் நடந்து காட்டினார்கள். ஊர் இருபுறமும் உட்கார்ந்து பார்த்தது. பீகாக் ஆலி, அதாவது மயில் சந்து என்று பெயர் விழுந்தது. ஹோட்டலில் அறை எடுக்க வக்கில்லாதவனும் நல்ல கோட்டு ஒன்று இருந்தால் அங்கே உட்காரலாம். காத்திருப்பதற்கு ஒரு காரணமும் ஒரு அடையாளமும் இருந்தால் போதும். கால்மணிக்கு ஒருமுறை வெஸ்ட்மின்ஸ்டர் இசையில் மணி அடிக்கும் 9 அடி வெண்கலத்தைவிட நல்ல அடையாளம் எது?

காத்திருந்தவர்களில் ஒருவர் டெஸ்லா. சிகாகோவில் அந்தக் கடிகாரம் நின்ற கண்காட்சிக்கு வெளிச்சம் தந்த அதே மனிதர், புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் வால்டார்ஃப் அஸ்டோரியாவின் நிரந்தர வாசியானார். தினமும் நேரம் தவறாமல் இரவு உணவுக்கு இறங்கி வருவார். அறை வாடகை மட்டும் நேரத்துக்கு வரவில்லை. பாக்கி ஏறிக்கொண்டே போக, லாங் ஐலண்டில் தாம் கட்டிய வார்டன்கிளிஃப் ஆய்வுக்கூட நிலத்தை 1915-இல் ஹோட்டலுக்கு எழுதிக்கொடுத்தார். கம்பியில்லாமல் உலகுக்குச் செய்தியும் மின்சாரமும் அனுப்பவென்று எழுப்பிய கோபுரம் அந்த நிலத்தில்தான் நின்றது. 1917-இல் அதை வெடிவைத்துச் சாய்த்துப் பழைய இரும்பாக விற்றார்கள். ஹோட்டல் பில்லுக்கு இதைவிடப் பெரிய அடகு யாரும் வைத்ததாக நான் படித்ததில்லை.

குதிரை லாயம் கட்ட நினைத்த ஜான் ஜேக்கப் ஆஸ்டர் 1912 ஏப்ரலில் டைட்டானிக்கில் திரும்பிக்கொண்டிருந்தார். கப்பல் முழுகியது 15-ஆம் தேதி. அமெரிக்க செனட் 19-ஆம் தேதி விசாரணையைத் தொடங்கியது. நியூயார்க்கில் அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் வால்டார்ஃப் அஸ்டோரியா. கப்பல் கம்பெனித் தலைவர் புரூஸ் இஸ்மே முதல் சாட்சி. ஆஸ்டர் உடல் கடலிலிருந்து கிடைத்தது 22-ஆம் தேதி. ஹோட்டல் முதலாளி இன்னும் தண்ணீரில் இருக்கும்போதே, அவர் ஹோட்டலில் அவர் சாவுக்கான விசாரணை. அந்த நாட்களிலும் கால்மணிக்கு ஒருமுறை கடிகாரம் தன் பாட்டைப் பாடித்தான் இருக்கும்.

மதுவிலக்கு வந்தது. நாகரிகமும் வடக்கே நகர்ந்தது. 1929 மே 3 அன்று ஹோட்டல் மூடப்பட்டது. தட்டுமுட்டுச் சாமான்கள் ஏலத்துக்குப் போயின. தேனிலவு கழித்த அறையின் சாவி, கதவுக் குமிழ் என்று கேட்டு வந்தவர்கள் ஏராளம். இடிபாட்டில் பெரும்பகுதியைப் படகுகளில் ஏற்றி, சாண்டி ஹூக் முனைக்கு அப்பால் அட்லாண்டிக்கில் கொட்டினார்கள். அந்த மனையில் எழுந்ததுதான் 102 மாடி எம்பயர் ஸ்டேட் கட்டடம்.

கடிகாரம் ஏலத்துக்கும் போகவில்லை, கடலுக்கும் போகவில்லை. ஹோட்டலை நடத்திவந்த லூசியஸ் பூமர் பழைய பெயரைத் தம்மிடமே வைத்துக்கொண்டார், ஒரே ஒரு டாலர் விலைக்கு என்பார்கள். பெயரோடு கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு பார்க் அவென்யூவுக்குப் போனார். 1931 அக்டோபர் 1 அன்று 47 மாடி புதிய வால்டார்ஃப் அஸ்டோரியா திறந்தது; அதிபர் ஹூவர் வெள்ளை மாளிகையிலிருந்து வானொலியில் வாழ்த்தினார். நாடு பொருளாதாரப் பெருமந்தத்தில் கிடந்த நேரம். கட்டடமும் விசித்திரமானது. அடியில் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்துக்குப் போகும் தண்டவாளங்கள் இருந்ததால் அடித்தளம் தோண்ட வழியில்லை. தண்டவாளங்களுக்கு இடையே தூண்களை ஊன்றி ஹோட்டலைத் தூக்கி நிறுத்தினார்கள். மேலே லண்டன் மணி, கீழே ரயில்.

இங்கேதான் அதன் இரண்டாம் உத்தியோகம் நிரந்தரமானது. "கடிகாரத்துகிட்ட நிற்கிறேன்" என்றால் எந்த ஹோட்டல் என்று விளக்க வேண்டியதில்லை என்பார்கள் வால்டார்ஃப் விசுவாசிகள். பக்கத்திலேயே எதிர்க்கட்சியும் உண்டு. சில தெரு தள்ளி இருந்த பில்ட்மோர் ஹோட்டலிலும் ஒரு கடிகாரம். கல்லூரிப் பிள்ளைகள் கூடியது அதன் அடியில். சாலிஞ்சரின் நாவலில் ஹோல்டன் தன் தோழிக்காகக் காத்திருப்பதும் அங்கேதான். இலக்கியத்தில் பில்ட்மோர் ஜெயித்தது, ஆயுளில் வால்டார்ஃப். பில்ட்மோரை 1981-இல் எலும்புக்கூடுவரை உரித்து அலுவலகக் கட்டடம் ஆக்கிவிட்டார்கள். அந்தக் கடிகாரம் இப்போது ஆபீஸ் லாபியில் நிற்கிறது. அங்கே யாரும் யாருக்காகவும் காத்திருப்பதாகத் தெரியவில்லை.

பெரிய ஹோட்டல்களில் தங்குகிறவர்களுக்குக் கை நீளம் என்பது ஊரறிந்த ரகசியம். ஸ்பூன், சாம்பல் கிண்ணம், துண்டு, காபிக் கெண்டி என்று பெட்டிக்குள் போனவற்றுக்குக் கணக்கே கிடையாது. 2012-இல் வால்டார்ஃப் ஒரு பொதுமன்னிப்பு அறிவித்தது: 1960-க்கு முன் எடுத்துப்போன எதையும் திருப்பித் தரலாம், கேள்வி கேட்கமாட்டோம். பாட்டி தாத்தாவின் பரணிலிருந்து வெள்ளிச் சாமான்கள் திரும்பின. கெட்டிக்காரத்தனமான யோசனை. திருடியவனுக்கு மனநிம்மதி, ஹோட்டலுக்கு இலவச அருங்காட்சியகம். இரண்டு டன் கடிகாரத்துக்கு மட்டும் இந்த ஆபத்து ஒருநாளும் இருந்ததில்லை.

அதற்கு வந்த ஆபத்து வேறு. 2014-இல் அன்பாங் என்ற சீனக் காப்பீட்டு நிறுவனம் 195 கோடி டாலருக்கு ஹோட்டலை வாங்கியது. 2017 மார்ச் 1 அன்று கதவு சாத்தப்பட்டது. சில நாளில் நகரசபை உள்ளறைகளில் முக்கியமானவற்றைப் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக அறிவித்தது. மற்ற அறைகளில் இருந்த கட்டிலும் மேசையும் விளக்கும், 15,000-க்கும் மேற்பட்டவை, 2020-இல் இணைய ஏலத்துக்கு வந்தன. 1929-இன் மறுபதிப்பு. அந்த வருஷம் உலகமே வீட்டுக்குள் அடைந்திருந்ததால், ஏலம் எடுத்தவர்கள் ஹோட்டல் நாற்காலியைத் தங்கள் கூடத்தில் போட்டு அதில் உட்கார்ந்தே ஊரடங்கைக் கழித்திருக்கலாம்.

கடிகாரம் இந்த முறையும் ஏலப்பட்டியலில் இல்லை. அழுக்கு நீக்கி, பழுது பார்த்து, நியூயார்க் வரலாற்றுச் சங்கத்தின் அருங்காட்சியகத்தில் சிலகாலம் வைத்தார்கள். 'தொடாதீர்கள்' பலகைக்கு அப்பால், விளக்க அட்டையோடு. பிறந்ததிலிருந்து அதற்கு அப்படியொரு மரியாதை கிடைத்ததில்லை. எட்டு முகங்களையும் ஒவ்வொன்றாக நின்று பார்க்க ஆட்கள் வந்தார்கள். ஹோட்டலில் இருந்தவரை அதன் மேல் முதுகைச் சாய்த்தவர்கள்தான் அதிகம்.

2025-இல் ஹோட்டல் மறுபடி திறந்தது. முன்பு சுமார் 1,400 அறைகள்; இப்போது 375. மேல்மாடிகள் விற்பனைக்கான வீடுகளாகிவிட்டன. கடிகாரமும் திரும்பிவிட்டது; பழைய பெயரிலேயே இங்கும் இருக்கும் பீகாக் ஆலியில் நிற்கிறது. வெஸ்ட்மின்ஸ்டர் மணியும் ஹாரிசனும் கிளீவ்லாந்தும் அப்படியே. பக்கத்தில் சோபா போட்டிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்து யாருக்கோ காத்திருப்பவர் நேரம் பார்க்க வேண்டுமானால் கையிலிருக்கும் போனைத்தான் பார்ப்பார். அதே போனில், எங்கே இருக்கிறாய் என்று கேள்வி வரும். அப்போது மட்டும் தலையைத் திருப்பி, கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வார்.