குரு இல்லாத 29 வருஷம்

"ஜெபிக்க மூடே வருதில்ல." தெல்தோட்டையில எங்கட செட்டில அடிக்கடி கேக்கிற கதை இது. இதுக்கு ஒரு பழைய கதை இருக்கு.

1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினார்கள். குருவுக்கு ஒளிய இடம் குடுத்தா மரண தண்டனை. கோயில்களும் கைமாறின. 1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகள் வந்தபோது, பிச்சைக்காரர் கோலத்தில், கழுத்தில் ஜெபமாலையோடு வீடுவீடாகப் போனார். அதைப் பார்த்து யார் முகம் மாறுது என்று தெரிஞ்சுக்கத்தான். மாறின முகங்கள் இருந்தன!

யோசிச்சுப் பாருங்க, 29 வருஷம். பூசை வைக்க ஆளில்லாத வீடுகளில் தினமும் பக்தி பொங்கியிருக்குமா? நான் நம்பல்ல. பொழுதுபட்டா விளக்கு, சோறு, ஜெபமாலை என்று அதுவும் ஒரு வீட்டு வேலையாத்தான் நடந்திருக்கும். அலுப்போட சொன்ன நாளும் கணக்கில் சேர்ந்திருக்கு.

வாஸ் அடிகள் 1692இல் நம்ம கண்டிக்கு வந்தார். போர்த்துக்கேய ஒற்றன் என்று சந்தேகப்பட்டு மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியன் சிறையில் போட்டார். உள்ளே இருந்தபடியே அடிகள் சிங்களம் படித்தார். 1697இல் பெரியம்மை பரவி ஊரே ஓடியபோது, அவர் தங்கி நின்று நோயாளிகளைப் பார்த்தார். 1711 ஜனவரி 16இல் இறந்ததும் கண்டியில்தான்.