லயத்தில் வாழ்ந்த இசை: நெகிரி செம்பிலான் தோட்டங்களின் தப்பும் உறுமியும்



'லயம்' என்னும் சொல் இசைவாணர் வழக்கில் தாளத்தின் சீரான நடையைக் குறிக்கும். தோட்டப்புறத்திலோ அதே சொல் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளைக் குறித்தது. முன்னது வடசொல், பின்னது ஆங்கிலச் சொல்லின் திரிபு. இவ்விரண்டிற்கும் பிறப்புறவு ஏதுமில்லை. ஆயினும் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இரண்டும் ஓரிடத்திலேயே குடியிருந்தன. அங்கு வாழ்ந்த நாட்டார் இசை எவ்வாறு வந்தது, ஏன் நிலைத்தது, இன்று நம்மிடம் எதனை எதிர்பார்த்து நிற்கிறது என்பனவே இவ்வுரையின் பொருள்.

சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த இருப்புப்பாதை 1891ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அக்காலத்தில் இப்பகுதியில் காப்பி பயிரிடப்பட்டு வந்தது. காப்பி விலை சரிந்தபின் அவ்விடத்தை இரப்பர் கைப்பற்றியது. காடழித்துப் பால்மரம் நடவும் பால் வெட்டவும் ஆள் வேண்டியிருந்தது. 1907இல் நிறுவப்பட்ட இந்தியக் குடியேற்றக் குழு, தோட்ட முதலாளிகளிடம் திரட்டிய நிதியைக் கொண்டு தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளரை வரவழைத்தது. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து பெருந்திரளானோர் கப்பலேறினர். இந்திய அரசு தடைவிதித்த 1938 வரை இவ்வரவு நீடித்தது.

ஆள் திரட்டியவர் கங்காணி. அவர் தம் ஊராரையும் உறவினரையும் அழைத்து வந்தார் என்பது இசை வரலாற்றிற்கு இன்றியமையாத செய்தியாகும். தனித்தனியே சிதறி வந்திருப்பின் தப்படிப்பவர் ஓரிடத்திலும், கும்மியடிப்போர் வேறிடத்திலும், ஒப்பாரி பாடுவோர் மற்றோரிடத்திலும் ஒதுங்கியிருப்பர். ஓரூரார் குழுவாக வந்தமையால் ஆட்டத்திற்கு வேண்டிய அடியும் பாட்டும், அவற்றைச் சரிபார்க்கும் செவிகளும் உடன்வந்தன. மூட்டையில் இடமில்லாதவர்க்கும் பாட்டைச் சுமக்கத் தடையில்லை.

தோட்டத்தில் மாரியம்மனுக்கும் முனீசுவரருக்கும் கோயில் எழுந்தது. திருவிழாவில் காவடியும் கரகமும் தீமிதியும் நிகழ்ந்தன. காமன் கூத்து நடந்தது. இவற்றையெல்லாம் நடத்திய கருவிகளுள் தலையாயவை தப்பும் உறுமியும். தப்பு, ஒருமுகக் கருவி. தீயில் காய்ச்சித் தோலை இறுக்கி, இரு குச்சிகளால் அடிப்பர். உறுமி, இடை சிறுத்த இருமுகக் கருவி. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்க்க, விலங்கின் உறுமல் போன்ற ஒலி எழும்; மறுமுகம் அடியைத் தரும். மேடையோ நுழைவுச் சீட்டோ இவ்விசைக்குத் தேவைப்படவில்லை. பிறப்பு, திருமணம், வழிபாடு, இறப்பு எனச் சடங்குதோறும் அது அழைக்கப்பட்டது. வாழ்க்கை உள்ளவரை அழைப்பும் இருந்தது. அதுவே நிலைபேற்றின் முதற்காரணம்.

இரண்டாவது காரணம், பழைய மெட்டு புதிய செய்தியை ஏற்கும் இயல்பு. வயல் இல்லாத நிலத்தில் நடவுப் பாட்டிற்கு வேலையில்லை. ஆனால் அம்மெட்டுகளில் கப்பலும் கங்காணியும் பால்வாளியும் பிரட்டும் புகுந்தன. 1942-43இல் சப்பானியர் அமைத்த சயாம் மரண இருப்புப்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர், மீளாதோர் பலர். உடலைக் காணாத இறப்பிற்கும் பெண்கள் ஒப்பாரி பாடினர். ஏட்டில் ஏறாத துயரம் பாட்டில் ஏறிற்று.

இந்நிலை நமக்கே உரியதன்று. அயர்லாந்தில் 1845ஆம் ஆண்டு தொடங்கிய பெரும்பஞ்சத்தால் இலட்சக்கணக்கானோர் அமெரிக்கா சென்றனர். அவர்களுடைய பிடில் இசையும் செவிவழி கற்ற நாட்டார் இசையே. சிறு மெட்டுகளைத் திரும்பத் திரும்ப வாசித்து ஆடுவோரை நடத்துவதே. சிக்காகோ நகரக் காவல்துறைத் தலைவராயிருந்த பிரான்சிசு ஓனீல் என்னும் ஐரிசுக்காரர், புலம்பெயர்ந்தோரிடம் கேட்ட மெட்டுகளைத் திரட்டி 1903இல் 1,850 மெட்டுகள் கொண்ட நூலை வெளியிட்டார். சுலைகோ வட்டாரத்துப் பிடில் கலைஞர் மைக்கேல் கோல்மன் நியூயார்க்கில் பதிவுசெய்த இசைத்தட்டுகள் தாயகம் திரும்பி, அங்குள்ளோர் வாசிப்பையே மாற்றின. கித்தார் அவ்விசையில் பரவலாக இடம்பெற்றது இருபதாம் நூற்றாண்டில்தான். புதுக்கருவியால் மரபு அழியவில்லை. எழுதியும் பதிந்தும் வைத்தமையால் அதற்கு அடித்தளம் இருந்தது.

இவ்வைரிசு இசையின் ஒரு துளி தமிழகத்தையும் எட்டியது. முத்துசாமி தீட்சிதர் ஆங்கிலேயர் வாத்தியக் குழுக்களின் மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். 'நோட்டுசுவரம்' எனப்படும் அவற்றுள் 'வந்தே மீனாட்சி' என்பது 'ரேக்சு ஆஃப் மாலோ' என்னும் ஐரிசு ஆட்ட மெட்டில் அமைந்தது. ஒரு நாட்டின் எளிய ஆட்டமெட்டு கடல்கடந்து வந்து, மதிக்கப்பட்டுப் பாதுகாக்கப்பட்டது. நம் தோட்டத்துப் பாட்டிற்கு அத்தகைய மதிப்பு நம்மிடமே கிடைத்ததா என்பதே நாம் எதிர்கொள்ள வேண்டிய வினா.

கிடைக்கவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. தப்பும் பறையும் சாதியோடு பிணைக்கப்பட்டன. சாவுக் கருவி என ஒதுக்கப்பட்டன. படித்து முன்னேறிய பிள்ளைகள் தந்தையின் தப்பை மறைத்ததும் உண்டு. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருள்களுள்ளும் பறையை எண்ணுகிறது. நிலத்திற்குரியதை ஒரு பிரிவினருக்கு மட்டும் உரியதாக்கி இழித்தது பிற்காலத்தின் பிழை. அப்பிழையும் நம் முன்னோருடன் கப்பலேறி வந்தது என்பதை மறைப்பது வரலாறாகாது.

இன்று உறுமி மேளத்தை இளைஞர்கள் விரும்பிக் கற்கின்றனர். தைப்பூசத்தில் அதன் ஒலி ஓங்குகிறது. இது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அடி பிழைத்த அளவிற்குப் பாட்டு பிழைக்கவில்லை. இரப்பர், செம்பனைக்கு இடங்கொடுத்தது. நீலாய், லாபு, சிரம்பான் வட்டாரங்களில் தோட்ட நிலங்கள் பல குடியிருப்பு நகர்களாயின. லயம் கலைந்தபோது, ஒருவர் அடியெடுக்க மற்றவர் தொடர்ந்து பாடிய சூழலும் கலைந்தது. ஒப்பாரியும் தாலாட்டும் முதிய பெண்கள் சிலரின் நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளன.

இலங்கை மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் பாடல்களைத் திரட்டினார். மலேசியாவில் முத்தம்மாள் பழனிசாமி போன்றோர் நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தளித்துள்ளனர். ஓனீல் இசைப் பேராசிரியர் அல்லர், காவல் பணியினர். எனவே இத்தொண்டிற்குப் பட்டம் தேவையில்லை. செவியும் பொறுமையும் போதும்.

ஆசிரியர்களை வேண்டுவது ஒன்று. ஒவ்வொரு மாணவரும் தம் குடும்பத்து மூத்தோர் ஒருவரிடம் அமர்ந்து ஒரு பாட்டையேனும் கைப்பேசியில் பதிவுசெய்யட்டும். பாடியவர் யார், எந்தத் தோட்டம், எந்நிகழ்வில் பாடப்பட்டது, யாரிடம் கற்றது என்னும் நான்கையும் உடன் குறிக்கட்டும். பொருள் விளங்காத சொல்லையும் திருத்தாமல் எழுதட்டும்; அச்சொல்லில் ஓர் ஊரே மறைந்திருக்கக்கூடும். பாடத் தெரிந்தவர் இருக்கும்போதே இது நிகழவேண்டும். நாளை அப்பாட்டைக் கேட்க விரும்புவோர் இருப்பர். பாடுவோர் இருப்பர் என்பதற்கு உறுதியில்லை.