வினவல் முடிவுகளுக்கான வகுப்புநிலை மாறிகள்

வகுப்புநிலை மாறி என்பது பொருள்நோக்கு நிரலாக்கத்தில் ஒரு வகுப்பினுள், ஆனால் அதன் செயற்கூறுகளுக்கு வெளியே அறிவிக்கப்படும் மாறி ஆகும். தரவுத்தளத்திலிருந்து வினவல் மூலம் பெறப்படும் மதிப்பை வகுப்பின் பல செயற்கூறுகள் பயன்படுத்தும்போது அது இத்தகைய மாறியில் இடப்படுகிறது. ஜாவா, சி ஷார்ப் ஆகிய மொழிகளில் இம்மாறியின் தரவு இனத்தை வெளிப்படையாகக் குறிப்பிடுதல் கட்டாயமாகும். சி ஷார்ப்பில் 2007 இலும் ஜாவாவில் 2018 இலும் அறிமுகமான 'வார்' என்னும் சொல் இனத்தைத் தொகுப்பியே ஊகித்துக்கொள்ள இடமளிக்கிறது. எனினும் அது செயற்கூற்றின் உள்ளே உள்ள மாறிகளுக்கே பொருந்தும். பி.எச்.பி மொழியில் வகுப்புநிலை மாறிக்கு இனம் குறிப்பிடும் வசதி 2019 இல் வெளியான 7.4 பதிப்பில் வந்தது. அங்கு அது கட்டாயமன்று.

இனத்தைத் தேர்ந்தெடுத்தல்

விழுப்புரம் மாவட்டத்திலுள்ள கண்டமங்கலம் போன்ற ஓர் ஊரின் நிலப் பதிவுகளைத் தரவுத்தளத்தில் வைத்து, ஒரு பட்டாவின் விவரங்களை வினவிப் பெறுவதாகக் கொள்வோம். புல எண், உட்பிரிவு, பரப்பு, தீர்வை ஆகியன அதில் வரும்.

புல எண் பெயரளவில்தான் எண். உட்பிரிவுடன் சேர்த்து 112/2ஏ என எழுதப்படுவதால் அதைச் சர இனமாகவே அறிவிக்க வேண்டும். (விரிதாளில் 12/3 எனத் தட்டச்சிட்டால் அது தேதியாக மாறிவிடுவதைப் பலரும் கண்டிருப்பர்.) தொலைபேசிக் குறியீடும் இத்தகையதே. விழுப்புரத்தின் 04146, திண்டிவனத்தின் 04147 ஆகியவற்றை முழு எண்ணாக வைத்தால் முன்னுள்ள சுழியம் அழிந்துவிடும். ஜாவா நிரலில் 04146 என நேரடியாக எழுதினாலோ நிலை இன்னும் மோசம்: சுழியத்தில் தொடங்குவதை அம்மொழி எண்ம எண்ணாகக் கொள்வதால் மதிப்பு 2150 ஆகிவிடும். கூட்டவோ பெருக்கவோ தேவையற்ற குறியீடுகளைச் சரமாக வைப்பதே பொதுவாக நன்று.

பரப்புக்கு மிதவைப் புள்ளி இனமான 'டபுள்' பொருந்தாது. 0.1 என்பதை இரும முறையில் துல்லியமாகக் குறிக்க இயலாமையே காரணம். ஒரு புலம் தலா 0.10 ஹெக்டேர் கொண்ட பத்து உட்பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தால், அவற்றை ஒவ்வொன்றாகக் கூட்டும்போது 1 கிடைப்பதில்லை, 0.9999999999999999 கிடைக்கிறது. உட்பிரிவுகளின் கூடுதல் மொத்தப் பரப்புக்குச் சமமா எனச் சோதிக்கும் நிரல், சரியான பதிவையே பிழை என்று தள்ளிவிடும். ஆகவே தரவுத்தளத்தில் 'டெசிமல்' ஆக உள்ளதை ஜாவாவில் 'பிக்டெசிமல்' இனமாகவும் சி ஷார்ப்பில் 'டெசிமல்' இனமாகவும் அறிவிப்பர்.

வெற்று மதிப்பு

மதிப்பு இல்லாமை வேறு, சுழியம் வேறு. வருவாய்த்துறை வழக்கில் 'தீர்வை ஏற்படாத தரிசு' என்றொரு வகை உண்டு. அத்தகைய நிலத்தின் தீர்வைப் புலம் 'நல்' எனப்படும் வெற்று மதிப்புடன் இருக்குமாறு அட்டவணை அமைக்கப்பட்டிருந்தால், ஜாவாவின் 'கெட்இன்ட்' அதனை எவ்வித எச்சரிக்கையுமின்றி 0 எனத் தரும். தீர்வை நிர்ணயிக்கப்படாத நிலம், தீர்வை சுழியமான நிலமாகத் தோன்றும். உடனே 'வாஸ்நல்' கொண்டு சோதிக்கலாம்; அல்லது மாறியை வெற்று மதிப்பை ஏற்கும் 'இன்டீஜர்' இனமாக அறிவித்து, மதிப்பைப் பொருளாகவே பெறலாம். சி ஷார்ப்பில் இதற்கென வெற்று மதிப்பை ஏற்கும் எண் இனங்கள் 2005 இல் வந்தன. அங்கு 'கெட்இன்ட்32' வெற்று மதிப்பைக் கண்டால் விதிவிலக்கு எழுப்பி நின்றுவிடும். தொல்லையாகத் தோன்றினும் தவறான எண்ணைக் காட்டுவதைவிட இது மேல்.

பகிர்வினால் வரும் இடர்

சரியான இனம் மட்டும் போதாது. மாறி யாருக்குரியது என்பதையும் பார்க்க வேண்டும். 'ஸ்டேடிக்' என அறிவிக்கப்பட்ட மாறிக்கு வகுப்பு முழுமைக்கும் ஒரே படியே உண்டு. ஜாவா சர்வ்லெட்டில் சாதாரண வகுப்புநிலை மாறிக்கும் ஏறத்தாழ இதே நிலைதான். வழங்கி வழக்கமாக ஒரே சர்வ்லெட் பொருளைக் கொண்டு பல கோரிக்கைகளை ஒரே நேரத்தில் கையாள்கிறது. ஒருவரின் பட்டா விவரம் மாறியில் இடப்பட்டுத் திரைக்குச் செல்லுமுன் மற்றொருவரின் வினவல் அதே மாறியை மாற்றிவிட்டால், முதலாமவர் அடுத்தவரின் நிலத்தைத் தம் திரையில் காண்பார். ஒருவரே இயக்கிப் பார்க்கும் சோதனையில் இப்பிழை பெரும்பாலும் வெளிப்படாது. எனவே விளைவின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு புதிய பொருளை உருவாக்கி, இனம் குறித்த மாறிகளை அப்பொருளின் வகுப்பில் வைத்து, அப்பொருளைச் செயற்கூற்றின் உள்மாறியில் ஏந்துவது வழக்கம்.