மனச்சோதனையின் வரலாறு: கோணான்குப்பம் முதல் நெய்வேலி வரை

உள்ளத்தில் மறைந்து கிடக்கும் குற்றங்களைத் தேடி எடுத்துக் களையும் பழக்கத்தைக் கத்தோலிக்கர் மனச்சோதனை என்கிறார்கள். சீர்திருத்தச் சபையார் ஆத்தும சோதனை என்கிறார்கள். முன்னவரிடம் அது பாவசங்கீர்த்தனத்துக்கு முன்படி. பின்னவரிடம் திருவிருந்துக்கு முன்படி. தமிழில் இதற்கு நானூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அச்சுச் சான்று உண்டு. அந்த வரலாற்றின் முக்கியமான கட்டங்கள் இன்றைய நெய்வேலி நகரியத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தடம் விட்டிருக்கின்றன. விருத்தாசலம் பக்கத்தில் கோணான்குப்பம், கடற்கரையில் கடலூர், பண்ருட்டி கடலூர்ச் சாலையில் மேல்பட்டாம்பாக்கம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு நெய்வேலிக்குத் திரும்பிவிடலாம். கட்டத்துக்குக் கட்டம், பாவம் எது என்ற போதனை மாறியதைவிடக் கேள்வி கேட்பவர்தான் அதிகம் மாறினார்.

மேற்குத் திருச்சபையில் 1215-ஆம் ஆண்டு நடந்த நான்காம் லாத்தரன் சங்கம், விவரம் தெரிந்த வயதுடைய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிட வேண்டும் என்று விதித்தது. வருடக் கணக்கை நாள் கணக்காக்கியவர் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார். 1548-இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற அவருடைய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் இதற்கு ஒரு படமே இருக்கிறது. வாரத்தின் ஏழு நாளுக்கு ஏழு சோடிக் கோடுகள். மேலே நீளமாகத் தொடங்கிக் கீழே வரவரக் குறுகும். திருத்திக்கொள்ள நினைக்கும் ஒரே ஒரு குற்றத்தை எடுத்துக்கொண்டு, மதியம் ஒருமுறையும் இரவு ஒருமுறையும் அதில் எத்தனை தடவை விழுந்தோம் என்று கோட்டின்மேல் புள்ளி வைக்க வேண்டும். பிறகு நேற்றோடு இன்றையும், போன வாரத்தோடு இந்த வாரத்தையும் ஒப்பிட வேண்டும். போர்வீரராக இருந்தவரின் கணக்குப் புத்தகம் அது. கோடுகள் நாளுக்கு நாள் குறுகுவதில் புள்ளிகளும் குறையும் என்ற நம்பிக்கை தெரிகிறது.

இந்தப் பயிற்சியோடு முத்துக்குளித்துறைக்கு வந்தவர்களில் ஒருவர் போர்ச்சுக்கீசியரான ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். 1530களில் பரதவர் கூட்டம் கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். 1542-இல் சவேரியார் வந்து போதனையைத் தொடர்ந்தார். ஆனால் வந்த குருக்களுக்குத் தமிழ் தெரியாது. பாவத்தைக் கேட்க நடுவில் ஒரு துபாஷி வேண்டியிருந்தது. தன் குற்றத்தை அதே ஊர்க்காரர் ஒருவரின் காதில் போட்டால்தான் அது குருவிடம் போய்ச் சேரும் என்ற நிலையில் எவர் எதைத்தான் மனம்விட்டுச் சொல்லியிருப்பார்? ஹென்றிக்கஸ் தமிழைக் கற்றுத் துபாஷியை விலக்கினார். 1578-இல் கொல்லத்தில் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’, 1579-இல் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’, 1580-இல் ‘கொம்பெசியொனாயரு’ ஆகியவை அச்சாயின. மூன்றாவது நூல் பாவசங்கீர்த்தனக் கையேடு. தமிழ் அச்சின் முதல் சில நூல்களிலேயே மனச்சாட்சியை விசாரிக்கும் ஒன்று இடம்பெற்றிருப்பது கவனிக்கத் தக்கது. நெடுங்காலம் காணாமற் போனதாகக் கருதப்பட்ட அதன் பிரதி ஒன்று ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருப்பதை 1980களில் கிரகாம் ஷா எடுத்துக் காட்டினார்.

இவ்வகைக் கையேடுகள் பத்துக் கட்டளைகளின் வரிசையில் போகும். ஒவ்வொரு கட்டளைக்கும் கீழே துருவித் துருவிக் கேள்விகள். பழைய தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டதுண்டா, குறி கேட்டதுண்டா, பொய்ச் சத்தியம் செய்ததுண்டா, பிறர் பொருளை எடுத்துத் திருப்பித் தராமல் இருக்கிறாயா? மறந்ததையும் மறைத்ததையும் வெளியே கொண்டுவரும் பொறுப்பு இங்கே கேட்பவருடையது. சொல்பவர் மண்டியிட்டு ஆமென்றோ இல்லையென்றோ சொன்னால் போதும்.

உள்நாட்டில் அது போதவில்லை. இயேசு சபையாரின் மதுரை மிஷனில் குருக்கள் மிகச் சிலர். ஒரு கிராமம் தன் சாமியாரை ஆண்டுக்கு ஓரிரு முறை கண்டாலே அதிகம். அவர் வரும்போது சனம் ஆயத்தமாக இருக்க வேண்டுமென்றால் யாராவது முன்கூட்டியே உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த வேலை உபதேசியார்மேல் விழுந்தது. வீரமாமுனிவர் 1727-இல் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதியது, வேதியர் என்றும் அழைக்கப்பட்ட இவர்களுக்காகத்தான். ஊராரின் உள்ளத்தைத் திருத்தப் புறப்படுகிறவர் முதலில் தன் உள்ளத்தைத் தியானத்தில் சோதிக்க வேண்டும் என்பது அதன் போக்கு. இஞ்ஞாசியாரின் வாடை நூல் முழுக்க வீசும். தமிழ் உரைநடை வரலாற்றில் அதற்குள்ள இடத்தைப் பலரும் பேசியிருக்கிறார்கள். ஊதியம் குறைந்த ஒரு கிராம ஊழியரை நோக்கி இவ்வளவு கடுமையான நூலை எழுதலாம் என்று ஒருவர் துணிந்ததை அவ்வளவாகப் பேசவில்லை.

கோணான்குப்பத்துப் பெரியநாயகி மாதா கோயிலை எழுப்பியவரும் வீரமாமுனிவர் என்றே மரபு சொல்கிறது. விருத்தாசலத்து அம்மனின் பெயரும் பெரியநாயகிதான். நெய்வேலிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குத் திருவிழா என்றால் தேரும் சப்பரமும் மட்டுமல்ல. நன்மை என்னும் நற்கருணை வாங்குமுன் பாவசங்கீர்த்தனத் தொட்டியருகே வரிசையில் நிற்பதும் சேர்ந்ததே. உத்தம மனஸ்தாப மந்திரம் சிறு வயதிலேயே மனப்பாடமாகிவிடும்.

கடற்கரைப் பக்கம் கதை வேறு. லுத்தரன் சபை 1530-ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கையில் தனிப் பாவ அறிக்கையை ஒழிக்கவில்லை. ஆனால் எல்லாப் பாவத்தையும் எண்ணிச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கிவிட்டது. தன் பிழைகளை முழுதாக அறிந்தவர் யார் என்று கேட்டு, மறைவான குற்றங்களிலிருந்து விடுதலை வேண்டும் 19-ஆம் சங்கீதமே அதற்கு ஆதாரம். பட்டியல் போனது, ஆனால் சோதனை போகவில்லை. ஹாலே நகரத்துப் பக்தி இயக்கம் அதை உள்முகமாகத் திருப்பி இன்னும் கூர்மையாக்கியது. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்கு அந்த இயக்கத்தின் பிள்ளை. உள்ளத்தில் நடப்பதை நாட்குறிப்பாக எழுதுவது அந்த வட்டத்தின் பழக்கம். தரங்கம்பாடியிலிருந்து ஹாலேக்குப் போன நாட்குறிப்புகளும் கடிதங்களும் 1710 முதல் அங்கே அச்சேறின. அந்தரங்கம் அறிக்கையாகி ஐரோப்பாவெங்கும் வாசிக்கப்பட்டதில் ஒரு முரண் இருக்கத்தான் செய்கிறது.

1737-இல் இந்தத் தரங்கம்பாடி மிஷன் கடலூருக்கு வந்தது. 1740-இல் மிஷனரி கீர்நாந்தர் பொறுப்பேற்றார். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையைப் பிடித்ததும் அவர் கல்கத்தாவுக்குப் போய்விட்டார். இப்படிக் கோட்டை கைமாறும்போதெல்லாம் சபை சிதறினாலும் வழக்கம் நிலைத்தது. திருவிருந்தில் சேர விரும்புகிறவர் முன்கூட்டியே பெயர் கொடுப்பார். ஆயத்த ஆராதனைக்கு வருவார். யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் அதற்குள் தீர்த்துக்கொள்வார். அண்டை வீட்டாரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இராப்போஜனத்துக்குப் போகக் கூடாது என்ற எண்ணம் தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் இன்றும் உயிரோடிருக்கிறது.

அடுத்த நூற்றாண்டில் வாசிப்பும் சோதனைக்கு ஒரு வழியானது. ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட நூலைச் சாமுவேல் பவுல் தமிழில் ‘மோட்சப் பிரயாணம்’ ஆக்கினார், எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அதைத் தழுவி 1894-இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியமாகவே பாடினார். பனியனின் கதையில் ஒரு காட்சி வரும். பெருக்காமலே கிடந்த கூடத்தை ஒருவன் பெருக்குகிறான்; தூசி கிளம்பி மூச்சு முட்டுகிறது. ஒரு பெண் வந்து தண்ணீர் தெளித்த பிறகே அறை சுத்தமாகிறது. கூடம் என்பது உள்ளம், பெருக்குகிறவன் என்பது சட்டம், தண்ணீர் தெளிக்கிறவள் என்பது நற்செய்தி. கேள்விப் பட்டியலால் மட்டும் உள்ளம் சுத்தமாகாது, சில வேளை கிளறத்தான் செய்யும் என்ற லுத்தரின் வாதத்தைச் சாணம் தெளித்து வாசல் பெருக்கும் ஊரில் யாரும் விளக்க வேண்டியதில்லை.

இத்தனை சோதனைக்கும் சிக்காத ஒன்று இருந்தது, சாதி. குருவின் கையேட்டில் குறி கேட்பதும் கள் குடிப்பதும் பாவமாக வந்தன. கோயிலில் தனி இடத்தில் உட்காருவதும் தனிக் கிண்ணத்தில் அருந்துவதும் நெடுங்காலம் ஊர் வழக்கம் என்றே விடப்பட்டன. உள்ளத்தில் இருப்பவருக்கே அது குற்றமாகத் தோன்றாதபோது எந்த மனச்சோதனையில் அது வெளிவரும்? கேள்வி வெளியிலிருந்து வந்தது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டு விலகினார்கள். தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரும் அதை எதிர்த்தார். 1840களின் கடைசியில் மதுரை அமெரிக்க மிஷன் போன்றவை அன்பின் விருந்து என்ற சோதனையை வைத்தன. தாழ்த்தப்பட்டவர் சமைத்ததை எல்லோரோடும் அமர்ந்து உண்டால்தான் ஊழியத்தில் இடம். வாயில் வைத்ததை வைத்து மனத்தை அளக்க முடியாது என்ற குறை அதற்கு உண்டு. ஆயினும் இருநூற்றைம்பது ஆண்டாக மண்டியிட்டுச் சொல்லப்படாத ஒன்று இலை போட்ட பந்தியில் ஒரே பகலில் தெரிந்துவிட்டது.

தரங்கம்பாடிப் பணியைத் தொடர்ந்த லைப்சிக் மிஷன் இதில் மெதுவாகப் போகலாம் என்றது. அதை ஏற்காமல் விலகிய அதன் மிஷனரி கார்ல் ஓக்ஸ் 1860களின் தொடக்கத்தில் தென்னார்க்காட்டில் மேல்பட்டாம்பாக்கத்துக்கு வந்து பெத்தானியா நிலையத்தைத் தொடங்கினார். டேனிஷ் மிஷன் சங்கம் அவரோடு சேர்ந்துகொண்டது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அங்கேதான். இதே கறை எவ்வளவு ஆழம் என்பதை இந்த வட்டாரத்து எழுத்தாளர் இமையம் 1994-இல் ‘கோவேறு கழுதைகள்’ நாவலில் ஆரோக்கியம் என்ற கத்தோலிக்க வண்ணாத்தியின் வாழ்க்கையாக எழுதினார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்புதல் கூட்டங்கள் பரவின. 1905 அக்டோபரில் திருநெல்வேலிச் சீமையின் தோனாவூரில், மிஷனரி ஏமி கார்மைக்கேலின் ஊழியத்தில் நடந்தது தமிழ்நாட்டில் நன்கு அறியப்பட்ட ஒன்று. ஆராதனை நடுவே அழுது, தங்கள் குற்றத்தைத் தாங்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். கேட்பவர் இப்போது குருவும் அல்ல, உபதேசியாரும் அல்ல; சுற்றியிருந்த சபை.

நெய்வேலி இந்த வரலாற்றுக்குள் கடைசியாக வருகிறது. 1935 வாக்கில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருப்பாக ஏதோ வந்தது. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் கரி கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டு மின்சாரம் வந்தது. கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நீர் நிற்கிறது. இரவு பகலாக இறைக்காவிட்டால் அது சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வரும். அதனால் பம்புக்கும் ஞாயிறு இல்லை, பெரிய வெள்ளி இல்லை, ஆளுக்கும் இல்லை. ஷிப்ட் பார்க்கிறவர்களின் ஊரில் ஆராதனைக்கும் ஆயத்தத்துக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் கூட முடியாது. வீட்டு ஜெபக் கூட்டமும் படுக்குமுன் தனியே செய்யும் சோதனையும் இத்தகைய வாழ்க்கைக்கு நன்றாகவே பொருந்துகின்றன.

இன்னொரு மாற்றம் குடியிருப்பால் வந்தது. தமிழ்நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்தவர்களுக்கு வட்டம் வட்டமாகப் பிரித்த நகரியத்தில் வேலை நிலையைப் பொறுத்துக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. ஊர்த்தெரு, காலனி என்ற பிரிவு அங்கே வரைபடத்தில் இல்லை. தூத்துக்குடிக் கத்தோலிக்கரும் திருநெல்வேலி சி.எஸ்.ஐ. குடும்பமும் தென்னார்க்காட்டு லுத்தரன் வீட்டாரும் அடுத்தடுத்த கதவு என்பது கம்பெனி ஊர்களின் இயல்பு. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் ஓராண்டைத் திரும்பிப் பார்த்து அறிக்கையிடுவதும், உபவாச ஜெபமும், தவக்காலத் தியானமும் ஒருவர் வழக்கிலிருந்து மற்றவர் வழக்குக்கு இப்படித்தான் ஒட்டிக்கொள்கின்றன.

கத்தோலிக்கரிடத்தில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1973-இல் வெளியான புதிய முறை பாவசங்கீர்த்தனத்தை ஒப்புரவு அருட்சாதனம் ஆக்கியது. பலர் சேர்ந்து இறைவார்த்தை கேட்டு மனச்சோதனை செய்து, பிறகு தனித்தனியே அறிக்கையிடும் வழிபாடு வந்தது. 1970களில் இந்தியாவுக்கு வந்த அருங்கொடை இயக்கம் தியான இல்லங்களைப் பெருக்கியது; கேரளத்தின் முரிங்கூருக்குத் தமிழர்களும் போய்த் தங்கினார்கள். அங்கெல்லாம் மன்னிக்காத கோபம், சிறுவயதுக் காயம், பரம்பரைச் சண்டை என்று கேள்விகள் புதிதாயின. பாவத்தின் இடத்தில் காயம் வந்து உட்கார்ந்ததும் தேடுகிறவரின் பொறுப்பு சற்றே லேசாகிவிட்டது என்று சொல்ல இடமுண்டு.

சாதி என்ற பழைய கேள்வி மட்டும் தீரவில்லை. புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தில், உளுந்தூர்பேட்டை அருகே உள்ள எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். சவ ஊர்வலம் பெரிய தெரு வழியாகப் போகக் கூடாது என்ற தடை அவர்கள் மனக்குறைகளில் ஒன்று. 2008 மார்ச்சில் ஆதிக்க சாதிக் கத்தோலிக்கர்களோடு மூண்ட மோதலில் காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தார்கள். இரு தரப்பாரும் ஒரே பங்கைச் சேர்ந்தவர்கள். அது தவக்காலம். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. சாதிப் பாகுபாடு பெரும் சமூகப் பாவம் என்று அதில் எழுதி, அது திருச்சபைக்குள்ளேயே இருப்பதை ஒப்புக்கொண்டது. இந்த முறை அறிக்கையிட்டவர்கள் ஆயர்கள்.