மலைப்பாதைச் சரக்கு வண்டியும் ஒரு புகைப்படக்காரரும்



மன்னர் ஒருவர் கோயிலுக்கு நிலம் விட்டால் அதற்குக் கல்வெட்டு உண்டு. கிராமத்து ரயில் நிலையத்தில் சரக்கு வண்டி நின்று, நான்கு மூட்டைகளை இறக்கிவிட்டுப் போனதற்கு என்ன சாசனம் இருக்கிறது? அப்படிப்பட்ட சாசனம் ஒன்றைத் தம் கைப்பணத்தைச் செலவிட்டு உண்டாக்கிய ஒருவரைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில், அப்பலாச்சியன் மலைப் பிரதேசத்தில் அபிங்டன் என்னும் ஊர் உள்ளது. அங்கிருந்து மலையேறி, வட கரோலினா மாநிலத்தின் வெஸ்ட் ஜெஃபர்சன் வரை சுமார் 55 மைல் தூரம் ஒரு கிளைப் பாதை சென்றது. 1900-ஆம் ஆண்டில் டமாஸ்கஸ் என்ற சிற்றூர் வரை வந்த அந்தப் பாதை, காட்டு மரங்களை வெட்டிக் கொண்டுவருவதற்காகப் பின்னர் மலைமீது நீட்டப்பட்டது. அதிலிருந்த ஒயிட் டாப் நிலையம் 3,500 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் இருந்தது. பள்ளத்தாக்குகளை மரப்பாலங்களில் கடந்து மெல்ல ஊர்ந்து செல்லும் வண்டிக்கு, அப்பகுதியில் படரும் ஒரு கொடியின் பெயரையே மக்கள் சூட்டினார்கள்: ‘விர்ஜீனியா க்ரீப்பர்’. காட்டு மரங்கள் தீர்ந்தன, வருமானமும் குறைந்தது. 1950-களில், சில சரக்குப் பெட்டிகளோடு பிரயாணிகளுக்கான பெட்டியையும் இணைத்துக்கொண்டு, பழைய நீராவி இஞ்சின் ஒன்று பகலில் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் அங்கு வந்தவர் ஓ. வின்ஸ்டன் லிங்க். 1914-இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர்; பொறியியல் பட்டதாரி; விளம்பரப் படங்கள் எடுப்பது அவருடைய தொழில். 1955 ஜனவரியில் தொழில் நிமித்தமாக விர்ஜீனியாவுக்குச் சென்றபோது, அருகில் ஓடிய நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் நீராவி வண்டிகளைக் கண்டார். நாட்டின் மற்றப் பெரிய ரயில்வேக்கள் அநேகமாக டீசலுக்கு மாறிவிட்டிருந்தன. இதுவும் விரைவில் மாறிவிடும் என்பதை அறிந்தார். ரயில்வேயின் அனுமதி பெற்று, 1960 வரை பலமுறை அங்கே சென்று, சுமார் 2,400 படங்களை எடுத்தார். இதற்காக அவருக்குச் சம்பளம் தந்தவர் எவருமில்லை.

அவருடைய படங்களில் பெரும் புகழ் பெற்றவை இரவுப் படங்கள். தண்டவாளத்தின் ஓரமாகப் பல மின்வெட்டு விளக்குகளைக் கம்பியால் இணைத்து, வண்டி வரும் கணத்தில் எல்லாவற்றையும் ஒருங்கே ஒளிரச் செய்வார். அந்த ஒரு கணம் தவறினால் அன்றைய உழைப்பு முழுவதும் வீண்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. 1956 ஆகஸ்டில் மேற்கு விர்ஜீனியாவின் ஐகர் என்னும் ஊரில் எடுத்த படத்தில், திறந்தவெளித் திரையரங்கில் ஓர் இளம் ஜோடி காரில் அமர்ந்திருக்கிறது. திரையில் ஆகாயவிமானம் பறக்கிறது. அப்பால் சரக்கு வண்டி விரைகிறது. ஜோடியை அமரச் செய்தவர் லிங்க். திரையிலுள்ள விமானமும் பின்னால் ஒட்டிச் சேர்க்கப்பட்டதே. இதைச் சரித்திரச் சான்று என்று ஏற்கலாமா? கல்வெட்டின் மெய்க்கீர்த்தியைப் படிக்கும்போது புகழ்ச்சியைப் புகழ்ச்சியாகவும் செய்தியைச் செய்தியாகவும் பிரித்தறிகிறோம் அல்லவா? அதே விவேகம் இங்கும் வேண்டும். ஆட்களை அவர் நிறுத்தினார். வண்டி தன் வேளையில், தன் சுமையோடு வந்தது.

கிளைப் பாதையில் அவர் எடுத்தவற்றில் மிகவும் மனத்தைத் தொடுவது, 1956-இல் கிரீன் கோவ் என்ற சிறு நிலையத்தில் எடுத்த பகற்படம். மாட் என்னும் வெள்ளைக் குதிரை, வரும் இஞ்சினுக்கு வணக்கம் செலுத்துவதுபோலத் தலை தாழ்த்தி நிற்கிறது. ஒரு யுகம் மற்றொரு யுகத்தை வணங்குகிறது. வணக்கம் பெறும் யுகத்துக்கும் அந்தப் பாதையில் இன்னும் ஓராண்டே ஆயுள்.

வானொலி நேயர்களுக்கு உவப்பான செய்தி ஒன்றும் உண்டு. இஞ்சின்களின் மூச்சையும் ஊதலையும் அவர் ஒலிநாடாவில் பதிந்து, இசைத்தட்டுகளாகவும் வெளியிட்டார்.

1957-இல் அக்கிளைப் பாதையில் நீராவி நின்றது. 1977-இல் பாதையே மூடப்பட்டது. தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்த பின், அபிங்டனிலிருந்து ஒயிட் டாப் பகுதி வரை அது நடப்போருக்கும் சைக்கிள் ஓட்டுவோருக்கும் உரிய வழியாயிற்று. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயலின் வெள்ளம் மேற்பகுதியின் பாலங்கள் பலவற்றை அடித்துச் சென்றது. லிங்க்கின் படங்களுக்கு 1980-களில்தான் பரவலான புகழ் கிடைத்தது. 2001-இல் அவர் காலமானார். 2004-இல் ரோனோக் நகரின் பழைய ரயில் நிலையத்தில் அவர் பெயரால் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

அரசாங்கக் காகிதங்களை மொழிபெயர்ப்பது என் தொழில். பாதை ஒன்று மூடப்பட்டால் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று காகிதம் சொல்லும்; அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அந்த நிலையத்தில் யார் காத்திருந்தார், எதைச் சுமந்திருந்தார் என்பதைச் சொல்லும் பத்தி அதில் இல்லை. அந்தப் பத்தியைத்தான் லிங்க் எழுதினார்.

ஊரை விட்டு வந்து வாழும் நாம் ஒவ்வொருவரும் ஒரு சிறு ரயில் நிலையத்தை மனத்தில் சுமந்துகொண்டிருக்கிறோம். நம் நாட்டின் அகலப் பாதையிலும் நீராவியின் வழக்கமான ஓட்டம் 1995-இல் முடிந்தது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அந்த நிலையத்தையும் அங்கே நிற்பவர்களையும் ஒரு படம் எடுத்து, பின்புறத்தில் தேதியும் ஊரும் எழுதி வையுங்கள். இன்று அது சாதாரணமாகத் தோன்றலாம். சாதாரணமாக இருக்கும்போதுதான் அதை எடுக்க முடியும்.